உஷ் மேடம் மன்னித்த குற்றம்

சத்தம் பதினொன்று பத்துக்கு ஆரம்பித்தது. முதலில் கொசு பறக்கிற அளவுக்கு இருந்தது. ஐந்து நிமிடத்தில், பக்கத்து அறையில் யாரோ தலைமுடி உலர்த்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. நூலகத்தின் வாசிப்பறையில் அப்போது ஏழு பேர் இருந்தார்கள். இரண்டாவது மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த கண்ணாடி போட்ட பெண் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

இப்படி ஒரு சத்தம் கேட்டால் அந்த அறையில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பொறுப்பாளர் மேசையிலிருந்து உஷ் மேடம் எழுந்திருப்பார். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வந்து, சத்தம் பிறந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். ஒற்றை விரலை உதட்டில் வைப்பார். குற்றவாளியின் பெயர் சிவப்பு அட்டை போட்ட சத்தக் குறிப்பேட்டில் ஏறும்.

அன்று உஷ் மேடம் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாது. சத்தம் அவர் மடியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"ஏசிதான்," என்றார் அந்தப் பெண்ணைப் பார்த்து, ரகசியக் குரலில். "நான் பார்க்கறேன்."

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானாகவே சொன்ன பிள்ளையின் கதைதான். அந்த நிமிடத்திலிருந்து உஷ் மேடத்துக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த அறையின் அமைதியை அவர் கட்டிக் காத்தார். பட்டன் அழுத்தும் பேனாவுக்கு அங்கே அனுமதி இல்லை. வாசலில் பென்சில் வைத்திருந்தார். செய்தித்தாளை எந்த மூலையில் பிடித்துத் திருப்பினால் சத்தம் வராது என்று படம் வரைந்து ஒட்டியிருந்தார். விக்கல் எடுத்த ஒருவர் வெளியே வராந்தாவில் நாற்பது நிமிடம் நின்று, விக்கல் முழுசாகப் போனதை நிரூபித்த பிறகுதான் உள்ளே வந்தார். ஒரு தடவை ஒரு வாலிபனின் காலி வயிறு கடமுடவென்று உருண்டது. அதையும் விடவில்லை. குறிப்பேட்டில் 'உள்சத்தம்' என்று புதுத் தலைப்பே போட்டு எழுதினார். வருடத்தில் மூன்று முறை பெயர் ஏறினால் வாசகர் அட்டை போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டதில் ஒரு சங்கடம். சத்தம் போட ஆள் இல்லாமல் போனதும், பிடிக்கவும் ஆள் இல்லாமல் போனது. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை உஷ் மேடத்துக்கு வேலையே இல்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தம்பி வந்தான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவன். ஆறு மாதம் கடையில் பார்வைக்கு வைத்திருந்த ஒன்றைச் சலுகையில் எடுத்து, அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசு என்று கொண்டுவந்து வைத்தான்.

"இது டேப்லெட்டா, லேப்டாப்பாடா?" என்று கேட்டார் உஷ் மேடம்.

"ரெண்டும்தான்கா. கீபோர்டை மாட்டினா லேப்டாப். கழட்டினா டேப்லெட். ஆனா அசல்ல இது கேம் ஆடற மெஷின். இவ்ளோ பெரிய பெட்டிக்குள்ள இருக்க வேண்டிய சாமானை எல்லாம் அமுக்கி இந்தத் தட்டுக்குள்ள வச்சிருக்கான்."

கீபோர்டு 'டப்'பென்று பிரிந்தது. திரும்ப 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் ஒரு கால் விரிந்து திரையை நிறுத்தியது. படங்கள் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி தெளிவு. தம்பி நேர்மையான விற்பனையாளன், குறைகளையும் சொன்னான். ஆனால் நிறைகளைச் சொன்ன குரலில் சொல்லவில்லை. கேம் ஆடினால் பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான், சார்ஜர் செங்கல் கனம், மடியில் ஒழுங்காக நிற்காது, கொஞ்சம் சூடாகும், லேசாக ஃபேன் ஓடும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

'லேசாக' என்ற அந்த ஒரு சொல்லை உஷ் மேடம் நம்பினார்.

புத்தகப் பட்டியல் தயாரிக்கத்தான் அதை நூலகத்துக்கு எடுத்துப் போனார். சத்தியமாக அதற்குத்தான். இரண்டு நாள் பட்டியலும் தயாரித்தார். மூன்றாம் நாள், தம்பி அதில் போட்டு வைத்திருந்த ஒரு விளையாட்டை என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தார். அதில் ஈட்டி பிடித்த ஒரு பெண் ஏழு மலைக் கணவாய்களைத் தாண்ட வேண்டும். நான்கை இரண்டே வாரத்தில் தாண்டிவிட்டார். ஐந்தாவது கணவாயில் ஒற்றைக்கண் அரக்கன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அதுவரை அடங்கிக் கிடந்த ஃபேன் அவன் வந்த பிறகுதான் கத்த ஆரம்பித்தது. அவன் அசையவில்லை. உஷ் மேடமும் விடவில்லை.

இதற்கு அந்த இயந்திரம் வாகாக அமைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கீபோர்டைக் கழற்றிவிட்டால் திரை சரியாக இருப்புப் பதிவேட்டின் அளவு. பதிவேட்டைத் திறந்து நிறுத்தி அதன் மறைவில் வைத்துக்கொண்டால், எதிரே இருப்பவருக்கு அவர் இருப்பைச் சரிபார்ப்பது போலத்தான் தெரியும். ஒலியை முழுதாக அணைத்துவிட்டு விரலால் தொட்டு ஆடினார். கீபோர்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதால், சாப்பாட்டு மேசை மேல் தனியாகக் கிடந்த அதைப் பார்த்து, இதன் மேல்பாதி எங்கே என்று கணவர் இரண்டு மூன்று தடவை கேட்டார். ஆபீஸ் வேலைக்கு மேல்பாதி போதும் என்று சொல்லி வைத்தார்.

மேசை அகலம் போதவில்லை. அந்தப் பின்கால் விரிய இன்னும் ஒரு சாண் இடம் கேட்டது. அதனால் மடியில் வைத்தார். பின்கால் தொடையை அழுத்தியது, சூடு சேலையைத் தாண்டி இறங்கியது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஃபேன்தான்.

முதல் நாள் சத்தம் வந்ததும் படிக்கட்டுக்குப் போய்த் தம்பிக்குப் போன் செய்தார்.

"படத்தோட தரத்தைக் குறைங்கக்கா. சத்தம் தானா குறையும்."

குறைத்துப் பார்த்தார். சத்தம் அடங்கியது. ஆனால் தாடி முடி ஒவ்வொன்றும் காற்றில் ஆடுகிற, கண்ணில் ரத்த நரம்பு தெரிகிற அந்தக் கம்பீரமான அரக்கன், யாரோ பிசைந்து வைத்துவிட்டுப் போன மாவு உருண்டை போல ஆகிவிட்டான். அப்படிப்பட்ட ஒருவன் கையால் சாக உஷ் மேடத்துக்கு மனம் வரவில்லை. தரத்தைப் பழையபடி ஏற்றினார்.

மறுநாளும் சத்தம் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஏசி என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டதே. புகார் கொடுக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். பராமரிப்புப் பிரிவுக்கு முறைப்படி எழுதினார்: 'வாசிப்பறை ஏசியில் தாங்க முடியாத இரைச்சல்.'

புதன்கிழமை மெக்கானிக் வந்தார். ஏணி போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டார்.

"அம்மா, இது சாது மெஷின். சத்தமே இல்ல."

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன். ஏசியில எந்தக் குறையும் இல்ல."

"அப்ப அப்படியே எழுதிக் குடுங்க."

அதுதான் முடியாது என்றார் மெக்கானிக். புகார் படிவத்தில் இரண்டே கட்டம்: 'சரிசெய்யப்பட்டது', 'உதிரிபாகம் தேவை'. குறையே இல்லாததை எப்படிச் சரிசெய்ததாகக் கையெழுத்துப் போடுவது? அவர் மனசாட்சி உள்ளவர். 'உதிரிபாகம் தேவை' என்பதில் குறி போட்டார். பாகம் வரும்வரை இயந்திரத்தை ஓட்டக்கூடாது என்பது விதி. சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டிச் சீல் வைத்துவிட்டு, படிவத்தின் கீழே தன் கைப்பட ஒரு வரியும் எழுதினார்: 'ஏசியில் சத்தம் இல்லை. அறையில் வேறு சத்தம் இருக்கலாம்.'

ஏசி நின்றதும் அறை சூடானது. அறை சூடானதும் மடியில் இருந்தது இன்னும் சூடானது. அது சூடானதும் ஃபேன் முன்பைவிட இரண்டு மடங்கு கத்தியது. இப்போது பழி போட ஏசியும் இல்லை.

ஆடாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதை அவரும் தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டார். இந்த வயதில் இது என்ன கேவலம் என்று குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துத் திட்டிக்கொண்டார். நாளையிலிருந்து தொடுவதில்லை என்று நூலகத்துக்கு வரும் வழியெல்லாம் சபதம் எடுப்பார். பத்தரைக்கு அரக்கன் கூப்பிடுவான்.

இதில் அவரை இன்னும் வாட்டியது வேறொன்று. வாசிப்பறைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. ஏழு பேர் பதினொன்று ஆனார்கள். அடுத்த வாரம் பதினாறு. அதற்குப் பிறகு இருபத்திரண்டு. கண்ணாடி போட்ட பெண் தோழிகள் மூன்று பேரைக் கூட்டி வந்தாள். உஷ் மேடத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊரெல்லாம் தெரிந்துபோய்விட்டது, கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறார்கள்.

வந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. ஒருவர் தாராளமாக இருமினார். ஒருத்தி மிட்டாய்த் தாளைப் பிரித்தாள். செய்தித்தாள்கள் படபடத்தன. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு சத்தமும் தனக்கு விடுகிற ஜாடை என்று உஷ் மேடம் எடுத்துக்கொண்டார். 'நீ போடலாம், நாங்க போடக்கூடாதா?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குறிப்பேட்டைத் திறந்து பேனாவைக் கையில் எடுப்பார்; எந்த முகத்தோடு எழுதுவது என்று மூடி வைத்துவிடுவார்.

மறுபடியும் படிக்கட்டு. மறுபடியும் தம்பி.

"துணி மேல வச்சா காத்து அடைபடும்கா, அதான் கத்துது. கெட்டியா ஒரு பலகை மேல வச்சுப் பாருங்க."

பலகைக்கு எங்கே போவது? மேசையின் இழுப்பறையைப் பாதி இழுத்து, அதை அதற்குள் வைத்தார். பழைய மரத்தில் செய்த, உள்ளே ஒன்றுமில்லாத இழுப்பறை. ஃபேனின் அதிர்வு அதில் இறங்கியதுதான் தாமதம், மேசை முழுவதும் பாட ஆரம்பித்தது. மேசை மேல் இருந்த குண்டூசிகளும் கூடச் சேர்ந்து நடுங்கின. இருபத்திரண்டு தலைகளில் பாதிக்கு மேல் நிமிர்ந்தன.

உஷ் மேடம் பதறிப்போய் இழுப்பறையை மூடினார். மூடினால் சத்தம் அடங்கும் என்று நினைத்தார். அது உள்ளேயிருந்து முனக ஆரம்பித்தது.

அந்த இக்கட்டில் அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு உடம்பு கூசும். எழுந்தார். ஒற்றை விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, காதைக் கூர்மையாக்கி, சத்தத்தைத் தேடுகிறவரைப் போல மேசை மேசையாக நடக்க ஆரம்பித்தார். திருடனே 'திருடன், திருடன்' என்று கத்திக்கொண்டு ஓடுவது கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் கத்தாமல் ஓடினார்.

முதல் வரிசையைத் தாண்டினார். இரண்டாவதையும் தாண்டினார். கடைசி வரிசைச் சுவரோரம் ஓய்வு பெற்ற தபால்காரர் உட்கார்ந்திருந்தார். பதினொரு வருடமாக அதே நாற்காலி. வேலையில் இருந்தவரை நாள் முழுக்க அலைந்தவர். இப்போது உட்கார்ந்த இடத்தில் நிலப்படப் புத்தகம் பார்ப்பார். ஒரு நாளைக்கு ஒரு நாடு. குறிப்பேட்டில் ஒரு தடவைகூடப் பெயர் ஏறாத வாசகர் அவர் ஒருவர்தான்.

எங்கேயாவது நின்றாக வேண்டுமே என்று உஷ் மேடம் அவர் பக்கத்தில் நின்றார். நின்றபோதுதான் கேட்டது. தபால்காரரின் நெஞ்சுக்குள்ளிருந்து, மூச்சு உள்ளே போகும்போது ஒன்றும் வெளியே வரும்போது ஒன்றுமாக, விசில் மாதிரி ஒரு சின்ன இரைச்சல்.

அறையே அவரைத் திரும்பிப் பார்த்தது. தபால்காரர் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து நின்றார்.

"மன்னிச்சிருங்கம்மா. எனக்கு இரைப்பு உண்டு. தெரிஞ்சே மறைச்சுட்டேன்."

இல்லை, நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஒரே ஒரு வாக்கியம். அறை காத்திருந்தது. மேசைக்குள்ளிருந்து அந்த முனகல் வந்துகொண்டே இருந்தது.

"பரவாயில்லை," என்றார் உஷ் மேடம்.

மன்னித்துவிட்டார். அந்த மனிதரை, பெருந்தன்மையாக, இருபத்திரண்டு பேர் முன்னால், மன்னித்துவிட்டார்.

அதோடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். மறுநாள் காலை தலைமை நூலகர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில், பல மேசை தாண்டி அப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்திருந்த, மெக்கானிக் எழுதிய தாள். விறைப்பான மனிதர், இந்த அறையை வெளியூர் ஆட்களுக்கு 'எங்கள் மாதிரி அமைதி அறை' என்று காட்டிப் பெருமைப்படுகிறவர். அறையில் வேறு சத்தம் என்றால் என்ன அர்த்தம், அது யாருடையது என்று எல்லோர் முன்னிலையிலும் உஷ் மேடத்தைக் கேட்டார்.

உஷ் மேடம் வாயைத் திறந்தார். சொல்லத்தான் போனார். அது இப்போதும் அவருக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் வார்த்தை தொண்டையைத் தாண்டுவதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"நான்தாங்க ஐயா," என்றார் தபால்காரர். "அம்மா மேல தப்பில்ல. அவங்க கண்டுபிடிச்சும் பெரிய மனசோட விட்டுட்டாங்க."

டாக்டர் கடிதம் கொண்டுவரும்வரை அட்டையை நிறுத்தி வைக்கச் சொன்னார் தலைமை நூலகர். அதற்குக் காத்திராமல் தபால்காரரே நடந்து வந்து அட்டையைப் பொறுப்பாளர் மேசைமேல் வைத்தார். உஷ் மேடம் சிவப்புக் குறிப்பேட்டைத் திறந்து, உள்சத்தம் என்ற தலைப்பின் கீழ், தன் கையாலேயே 'இரைப்பு' என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

அன்று சாயந்திரம் அந்த இயந்திரத்தை அட்டைப் பெட்டியில் போட்டு, பரணில் ஏற்றிவிட்டார். அக்கா சந்தோஷமாக இல்லை என்று தெரிந்துகொண்ட தம்பி, பிடிக்கவில்லை என்றால் வேறு மாடல் மாற்றித் தருவதாகச் சொன்னான். பேட்டரியா, எடையா, சூடா, எது குறை என்று கேட்டான்.

"குறை அதுல இல்லடா," என்றார் உஷ் மேடம்.

தேவையில்லாத உதிரிபாகம் வந்து சேர்ந்து, குறையில்லாத ஏசியில் மாட்டப்பட்டது. அறை குளிர்ந்தது. அமைதி திரும்பியது, பென்சில் நகர்வது கேட்கிற பழைய அமைதி. உஷ் மேடத்தை அது கடித்தது. அரக்கன் நினைவு ஒரு தடவைகூட வரவில்லை. கடைசி வரிசைச் சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியைத்தான் எட்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டமும் கரைந்தது. இருபத்திரண்டு பேர் பதினாலு ஆனார்கள், அப்புறம் ஒன்பது. அந்த வெள்ளிக்கிழமை நான்கே பேர். கண்ணாடி போட்ட பெண்கூட அரை மணி நேரம் நெளிந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். உஷ் மேடத்துக்கு இதுவும் விளங்கியது. ஒரு வயதான மனிதரை அநியாயமாக வெளியே அனுப்பிய இடத்துக்கு யார் வருவார்கள்? மானமுள்ளவர்கள் வரமாட்டார்கள்.

சோறு இறங்கவில்லை. கணவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது, அந்த மாதத்தில் அவர் வீட்டில் சொன்ன முதல் உண்மை.

சனிக்கிழமை சாயந்திரம் வாசகர் பதிவிலிருந்து முகவரியை எடுத்துக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனார். இரண்டாம் மாடி. மருமகள் கதவைத் திறந்தாள். மாமா கொஞ்ச நாளாக வெளியே போவதே இல்லை, பால்கனியிலேயே உட்கார்ந்திருக்கிறார், என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார் என்று கவலையோடு சொன்னாள். தபால்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு அவசரமாக வந்தார். உஷ் மேடத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த பயத்தைப் பார்க்க உஷ் மேடத்தால் முடியவில்லை.

"டாக்டர் லெட்டர் இன்னும் வாங்கலம்மா. திங்கட்கிழமை வாங்கிடறேன்."

"லெட்டர் எல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை பத்தரைக்கு நீங்க வாசிப்பறைக்கு வந்தாப் போதும். தயவுசெஞ்சு வாங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பழி எல்லோர் முன்னாலும் விழுந்தது. எடுப்பதும் எல்லோர் முன்னாலும்தான் நடக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். வருகிற வழியில் கண்ணாடி போட்ட பெண்ணுக்கும் போன் செய்து, தோழிகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

திங்கட்கிழமை பத்தரை. அறையில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். தலைமை நூலகர் கைகட்டி நின்றார். தபால்காரர் தன் நாற்காலியில் உட்காரத் துணியாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உஷ் மேடம் அட்டைப் பெட்டியைத் திறந்தார். இயந்திரத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தார். கீபோர்டை 'டப்'பென்று மாட்டினார். செங்கல் சார்ஜரைச் செருகினார். படத்தின் தரத்தை உச்சத்தில் வைத்து, விளையாட்டைத் திறந்து, திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினார். ஒற்றைக்கண் அரக்கன் தாடி பறக்க எழுந்து நின்றான். பத்து எண்ணுவதற்குள் ஃபேன் கிளம்பியது.

"இதுதான் அந்தச் சத்தம்," என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவர் ரகசியக் குரலில் பேசாதது அதுவே முதல் முறை. தன் குரல் இப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"ஏசி இல்ல. தபால்காரர் ஐயா இல்ல. நான்தான். வேலை நேரத்துல, பதிவேட்டுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுக்கிட்டு, இந்த அரக்கனோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். பதினெட்டு நாள். ஏசி மேல பழி போட்டேன். அப்புறம் இவர் தானா வந்து மன்னிப்புக் கேட்டப்ப, வாயை மூடிக்கிட்டு மன்னிச்சேன்."

சிவப்புக் குறிப்பேட்டைத் திறந்து படித்தார். 'இரைப்பு' என்ற வரியை அடித்திருந்தார். அதற்குக் கீழே அவர் பெயரும், 'ஃபேன்' என்ற சொல்லும், பதினெட்டு தேதிகளும் வரிசையாக இருந்தன. மூன்று தடவைக்கே அட்டை போகும் என்றால், தனக்கு ஆறு அட்டை போக வேண்டும் என்றார்.

பிறகு கடைசி வரிசை வரைக்கும் நடந்துபோய், தபால்காரரின் வாசகர் அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"என்னை மன்னிக்கணும்னு கேட்க எனக்கு யோக்கியதை இல்லைங்க. இருந்தாலும் கேட்கறேன்."

தபால்காரர் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி போட்ட பெண் தோழிகளைப் பார்த்தாள். தோழிகள் தரையைப் பார்த்தார்கள். ஃபேன் மட்டும் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உஷ் மேடம் தலை நிமிரவே இல்லை. இப்படிப்பட்ட பெண்பிள்ளையிடமா பத்தொன்பது வருடம் வாய் பொத்திக் கிடந்தோம் என்று எல்லோரும் நினைப்பது அவருக்கு ஃபேன் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

தலைமை நூலகரின் காது மடல்கள் சிவந்திருந்தன. நடவடிக்கை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் இந்தச் சனியனை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மேசையை நோக்கி நடந்து, சார்ஜர் வயரைப் பிடித்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க, அதை நிறுத்திராதீங்க," என்றார் தபால்காரர். "பதினொரு வருஷமா இந்த ரூம்ல அம்மாவுக்குப் பயந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படிச்சோம், இந்தச் சத்தம் வந்தப்புறம்தான் நாங்க எல்லாரும் தைரியமா மூச்சே விட்டோம்."